மாடியில் இருந்தது குப்பை இல்லை

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட அந்தப் போட்டோவை இனி யாரும் எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். மொட்டை மாடியில் நான் செடி வளர்க்கும் பழைய பெயிண்ட் வாளிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்ததையும் பார்த்தேன். கீழே வரிசையாக விழுந்து விழுந்து சிரித்த எமோஜி பொம்மைகளையும் பார்த்தேன். யார் யார் சிரித்தீர்கள் என்பதும் தெரியும். வாட்ஸ்அப் பெயரோடுதான் காட்டுகிறது.

"மொட்டை மாடியில் தேங்கியிருந்த குப்பைகள் அகற்றப்பட்டன." இது குடியிருப்போர் சங்க நிர்வாகம் எழுதிய வரி. நான் வளைகாப்புக்கு ஊருக்குப் போயிருந்த நாள் பார்த்து அகற்றியிருக்கிறார்கள். ஒரு போன் செய்திருக்கலாம். என் நம்பர் எல்லாரிடமும் இருக்கிறது. சங்கத்துக்குச் சந்தா கொடுக்க ஒரு நாள் தாமதமானால் அந்த நம்பர் நன்றாகவே ஞாபகம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பயன்பாட்டில் இருக்கும் ஒரு பொருள் குப்பை ஆகாது. பழையதாக இருக்கலாம், நிறம் மங்கியிருக்கலாம், பக்கத்தில் பெயிண்ட் கம்பெனியின் பெயர் பாதி உரிந்து தொங்கலாம். அதில் ஒரு கத்தரிச் செடி காய்த்துக்கொண்டிருக்கிறது என்றால் அது தொட்டி. இதைப் புரிந்துகொள்ள யாரும் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

முதலில் கொசு. எல்லாரும் அதைத்தான் சொல்கிறீர்கள். ஐப்பசி மழை, டெங்கு, ஆய்வுக்கு ஆள் வந்தால் அபராதம். நியாயமான பயம்தான். நானும் பிள்ளை பெற்றவள்தான். ஆனால் கொசு எங்கே முட்டை போடும் என்றாவது தெரிந்துகொண்டு பயப்படுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் தொடும் விளிம்பில், பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவு என்கிறார்கள். என் வாளிகளில் விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை மண். தண்ணீர் நிற்க இடமே இல்லை. பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் துளை போட்டிருக்கிறேன். ஊற்றுகிற தண்ணீர் அதிகமானால் வழிந்துவிடும். ஒவ்வொரு வாளிக்கும் கீழே இரண்டு செங்கல், தளம் ஈரமாக இருக்கக்கூடாது என்று. செங்கல்லும் போட்டோவில் தெரிகிறது. அதற்கும் சிவப்பு வட்டம்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கேட்டின் பக்கத்தில் புல்தரையில் மஞ்சளும் ஊதாவும் அடித்து அழகுக்கு நிறுத்தி வைத்திருக்கிறீர்களே நாலு டயர், சங்கப் பணத்தில் கடையில் வாங்கியது, அதற்குள் யாராவது டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில். பாதி மண்ணில் புதைந்து நிற்கும் டயரின் உள்வளைவில் ஒரு கை அளவு மழைத் தண்ணீர். அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் துள்ளித் துள்ளி அடியில் இறங்கும் புழுக்கள். வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். அதற்கு ஒரு பொம்மையும் வரவில்லை. "நோட்டட் மேடம்" என்று செயலாளர் சார் மட்டும் எழுதினார்.

டயர் அப்படிப்பட்ட பொருள். எப்படி வைத்தாலும் உள்ளே தண்ணீர் நிற்கும், வெயில் படாது, கொசுவுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. டெங்கு பரப்பும் இன்னொரு கொசுவான ஆசியாவின் புலிக்கொசு 1985-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் குடியேறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது கடல் தாண்டிப் போனதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது கப்பலில் போன பழைய டயர்கள். கொசுவே டிக்கெட் எடுக்காமல் கப்பல் ஏறிய வாகனத்தை வாசலில் பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டு, என் கத்தரிச் செடியைத் தூக்கி எறிகிறீர்கள்.

டயர் வைக்காதே என்று சொல்லவில்லை. துளை போடு, மண்ணை நிரப்பு, செடி வை என்கிறேன். ஆனால் நீங்கள் அதில் செடி வைக்க மாட்டீர்கள். பெயிண்ட் அழுக்காகிவிடும்.

அடுத்து எடை. மாடி தாங்காதாம். தேங்காய் நார்க்கழிவு, மட்கிய இலை, கொஞ்சம் செம்மண் கலந்த இருபது லிட்டர் வாளி. நாலைந்து சேர்ந்தால் ஓர் ஆள் எடை. பக்கத்திலேயே ஆயிரம் லிட்டர் தொட்டி, நிறைந்தால் 1 டன். அது பற்றி ஒரு பேச்சில்லை. அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

பெயிண்ட் வாளியில் காய்கறி வைத்தால் விஷம் என்று ஒருவர் மூன்று பத்தி எழுதியிருந்தார். இவர் ஒருவர்தான் கொஞ்சமாவது யோசித்துக் கேட்டவர், அதனால் பதில் சொல்கிறேன். சார், பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருந்தது உண்மை. நம் நாட்டில் 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று விதி இருக்கிறது. நான் எடுப்பது தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயிண்ட் வந்த வாளி மட்டும். உள்ளே காய்ந்த தோலை முழுசாக உரித்து எடுத்துவிட்டு, கழுவி, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் மண். எனாமல் டப்பாவில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும்தான் வைப்பேன், கீரை வைக்க மாட்டேன். பூச்சிமருந்து வந்த கேனை எதற்குமே தொட மாட்டேன், தண்ணீர் மொள்ளக்கூட. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டிப் பாத்தி கட்டுகிறார்கள் சிலர், அதை அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பழையது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழுபவள் இல்லை நான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது எனக்குத் தெரியும்.

யார் சொல்லிக் கொடுத்தது? அம்மா. மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் குப்பைக்கூடை என்று ஒரு பொருளே கிடையாது. கொல்லையில் ஒரு குழி இருக்கும், காய்கறித் தோலும் சாணியும் அதில் போகும், ஆடிக்கு முன்னால் அள்ளி வாழைக்குப் போடுவோம். மற்றது எதுவும் வீட்டை விட்டுப் போகாது. அப்பாவின் வேஷ்டி கிழிந்தால் அதில் நல்ல பாகம் இட்லித் துணி, அடுத்த பாகம் வத்தல் பிழிய, மிச்சம் பிடிதுணி. பிடிதுணி கரி ஏறிப் போனால் விளக்குத் துடைக்க. அம்மாவின் நூல் புடவையில்தான் நாங்கள் எல்லாரும் தூளி ஆடினோம், அதே புடவை பிறகு முறுக்கிப் பின்னி மிதியடி ஆனது. தினசரி காலண்டரில் கிழித்த தாளில் விபூதி மடிப்போம். வருஷம் முடிந்தால் அந்த அட்டையில் ஒரு கிளிப் மாட்டிப் பரீட்சைக்குக் கொண்டுபோவோம். என் பத்தாம் வகுப்புப் பரீட்சை முழுக்க லட்சுமி படம் போட்ட ஜவுளிக்கடை அட்டையில்தான் எழுதினேன். படம் கீழே இருக்கும்படி வைத்துக்கொள் என்று அம்மா சொல்லி அனுப்பினாள், சாமி மேல் எழுதக்கூடாது என்று.

ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டானில் துளசி. கழுத்து உடைந்த பிளாஸ்டிக் குடத்தை அரிவாளைச் சூடு காட்டி அறுத்து, அதில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும். சாயந்திரம் வாழைநாரை நனைத்துக் கட்டி, தெருவில் இருக்கிற பெண் குழந்தைகள் தலைக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சாண் வைத்து அனுப்புவாள். அந்தக் குடத்தைப் பார்த்து யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அது அந்தக் காலத்து வறுமை, இப்போது உங்களுக்கு என்ன குறைச்சல்" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அக்கறையாகக் கேட்பது மாதிரியே எழுதியிருந்தார். அக்கா, இல்லாததால்தான் செய்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மூடியது, அந்த வருஷங்களில் நாங்கள் எப்படி ஓட்டினோம் என்று இந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லிக்கொண்டதும் இல்லை. சோபா கிழிந்தபோது கடையில் கொடுக்காமல் பழைய போர்வையைத் தைத்து மாட்டினேன். அப்போது "உங்களுக்கு என்ன கற்பனை!" என்று வாய் நிறையச் சொன்னவர்களும் நீங்கள்தான். காசு இல்லாமல் செய்திருந்தால் அசிங்கம், பொழுதுபோக்காகச் செய்திருந்தால் கலை, அப்படித்தானே? அந்த உறை இன்னும் என் சோபாவில்தான் இருக்கிறது. வந்து உட்கார்ந்துவிட்டு இப்போது யோசித்துச் சொல்லுங்கள், எது என்று.

கஞ்சம் என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். குழுவில் இல்லை, லிஃப்டில்.

அப்புறம் அழகு. "குடியிருப்பின் தோற்றம் கெடுகிறது." யாருக்கு? மொட்டை மாடிக்கு யார் வருகிறார்கள்? துணி காயப்போட நானும், வடகம் காயவைக்க மூன்றாம் மாடிப் பாட்டியும், தண்ணீர் தொட்டியைப் பார்க்க வாட்ச்மேன் அண்ணனும். விமானத்தில் போகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கவலையா? வீடு வாங்க வருபவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது உண்மையான காரணம் என்றால் அதை நேராகச் சொல்லலாம். கொசுவை ஏன் முன்னால் தள்ளுகிறீர்கள்?

நீங்கள் அகற்றிய வாளிகள் எங்கே போகும் என்று யோசித்தீர்களா? சென்னை மேடவாக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. பெருங்குடிக் குப்பைமேடு எவ்வளவு தூரம்? காற்று அந்தப் பக்கம் இருந்து வீசினால் ஜன்னலைச் சாத்துகிறோமே. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது என்று குழுவில் ஃபிளமிங்கோ படம் போட்டுக் கைதட்டினீர்கள். அந்தச் சதுப்பின் ஓரத்தில்தான் ஊர்க் குப்பையைப் பல வருஷமாகக் கொட்டினோம். பிறகு அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க எவ்வளவு செலவு, எத்தனை இயந்திரம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. நம் குடியிருப்பில் எத்தனை வீட்டில் பிரிக்கிறார்கள் என்று காலையில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவைக் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன வீடுகளில் சிரித்தவர்கள் வீடு ஒன்றுகூட இல்லை. 2019 ஜனவரி 1-ல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, 2021-ல் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது, விழாவில் எல்லாரும் மஞ்சப்பையோடு நின்று போட்டோ எடுத்தோம். அந்தப் பையைப் பிறகு கடையில் எத்தனை பேர் கையில் பார்த்தேன் என்று எழுதினால் சண்டை வரும், விடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கறிவேப்பிலை. அந்தப் பெரிய நீல டிரம்மில், பாதியாக அறுத்தது, இடுப்பு உயரம் வளர்ந்து நின்றதே. பொம்மை போட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர் வாரா வாரம் அதிலிருந்து கிள்ளிக்கொண்டு போனவர்கள். கேட்காமலே கிள்ளுவார்கள், நானும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது அதை வேரோடு பிடுங்கிக் கேட் ஓரம் சாய்த்து வைத்திருந்தார்கள். வெயிலில் இலை சுருண்டு போயிருந்தது. டிரம்மை மட்டும் காணோம். விசாரித்தால், இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு காசு கொடுத்தாராம், அது சங்கக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாம். குப்பைக்குக் காசு கொடுக்கும் மகராசர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

செடியை எங்கள் பால்கனியில் அரிசிச் சாக்கில் நட்டிருக்கிறேன். பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். கறிவேப்பிலைக்கு வேர் அறுந்தால் கஷ்டம்.

"சட்டப்படி மாடி பொதுச் சொத்து" என்று எழுத விரல் துறுதுறுக்கும் வக்கீல் சாருக்கு: தெரியும். அதனால்தான் வெண்டைக்காய் காய்த்தபோது மாடி வாசலிலேயே கூடையில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போர்டு தொங்கவிட்டேன். போர்டு எதில் எழுதியிருந்தது என்று கேட்காதீர்கள். காலண்டர் அட்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருவேன். மாடியில் வடகிழக்கு மூலையை மட்டும் செடிக்கு விடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டயர் விஷயத்தையும் பேசுவேன், வீடியோ கையில் இருக்கிறது. அதுவரை இந்தப் பதிவைப் படிக்கும் வெளி நண்பர்கள் யார் வீட்டிலாவது தீபாவளிக்கு வெள்ளையடித்து மிஞ்சிய வாளி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பெயிண்ட் வந்ததாக இருக்க வேண்டும், கைப்பிடி உடையாமல் இருந்தால் நல்லது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை எங்கே இருந்தாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.