ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க ஒரு ஆளாவது இருக்கட்டும்

எங்கள் பக்கத்துச் சமுதாய வானொலியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரும்பாலும் மறுஒலிபரப்புதான். வாரம் முழுக்கப் போன நிகழ்ச்சிகளையே வரிசையாகப் போட்டு, நடுவில் சினிமாப் பாட்டைச் செருகிவிடுகிறார்கள். நிலையத்தை நடத்துவது மாணவர்கள், அவர்களுக்கும் லீவு வேண்டும். காரணம் புரிகிறது. ஆனால் தறியும் பனியன் கம்பெனியுமாக இருக்கிற நம்ம கொங்குச் சீமைக்கு இந்த ஏற்பாடு சரிப்பட்டு வராது.

சோமனூர், பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனுக்குள் போய் நின்று பாருங்கள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. கைச்சாடையும் வாயசைப்பும்தான் பேச்சு. அதற்குள் எந்த ரேடியோ கேட்கும்? திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கினால், பல பேருக்கு மறுநாள் ஒருநாள்தான் ஓய்வு. துணி துவைப்பது, கறி எடுத்து வந்து குழம்பு வைப்பது, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவது எல்லாம் அன்றைக்குத்தான். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிற ஒரே நாள் அது.

அந்த நாளில் ரேடியோவில், "இப்பவே கூப்பிடுங்க" என்று நம்பர் சொல்கிறார்கள். கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நிகழ்ச்சி புதன்கிழமை பதிவானது! எங்கள் தெருவில் ஒரு அக்கா பிஎஃப் பணம் எடுப்பது பற்றிக் கேட்க முயன்று, அப்புறம் விட்டுவிட்டார்.

காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பு சொன்னது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி வந்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்போடு தயாராக வேண்டும் என்று அந்த 2006 கொள்கையிலேயே இருக்கிறது. வழக்கமாக 100 வாட் சக்திதான், சுற்றுவட்டாரத்தைத் தாண்டிப் போகாது. அந்தச் சுற்றுவட்டாரமே வாரநாளில் தறியிலும் தையல் மெஷினிலும் உட்கார்ந்திருந்தால் யார் பங்கேற்பது?

நிலையத்துப் பிள்ளைகளால் முடியாது என்று சொல்லவே மாட்டேன். ஒரு பராமரிப்பு மின்தடை நாளில், தறி நின்றதால்தான் அவர்களுடைய ஒரு நிகழ்ச்சி எனக்குக் கேட்கக் கிடைத்தது. ஒரு அப்புச்சி உடுக்கையடித்து அண்ணன்மார் கதை சொன்னார். நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. "கொஞ்சம் தண்ணி குடுங்க சாமி" என்று பதிவு செய்கிற பையனிடம் கேட்டார். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அம்மா புளி கரைத்த கையோடு வந்து நின்று கேட்டார். விளம்பரத்துக்காக ஓடும் பெரிய எஃப்எம்களில் இது வரவே வராது. இதைப் போய் வேலைநாள் காலை 11 மணிக்குப் போடலாமா?

நான் கேட்பது இதுதான். மறுஒலிபரப்பை வாரநாள் பகலுக்குத் தள்ளுங்கள். ஞாயிறு காலை 10 முதல் 1 வரை நேரலை வையுங்கள். கும்மிப் பாட்டு, உடுக்கைக் கதை, பிஎஃப், இஎஸ்ஐ சந்தேகம், பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷன் எல்லாம் அதில் வரட்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து இங்கேயே உழைக்கிறவர்களுக்கும் அவர்கள் மொழியில் அரை மணி நேரம் கொடுக்கலாம்.

ஆள் இல்லை என்பதுதான் சிக்கல் என்றால், மாணவர்களை மட்டும் நம்ப வேண்டாம். ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பேசத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள், சொல்லிக்கொடுத்தால் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மெஷினையும் இயக்கிவிடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு போன் எடுக்க நான் வருகிறேன். இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் மாதம் முழுக்க ஆள் ஆச்சு. வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்ந்து போய் நிலையத்தில் கேட்போம்.