குழியை எப்படி மூடுவது என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், கையெழுத்து அப்புறம்

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குக் கிழக்கே ஓடையை ஒட்டிக் கிடக்கும் அந்த ஒரு ஏக்கர் துண்டை ஜிப்சம் எடுக்கக் கேட்டு ஆள் வந்திருக்கிறார்களாம். மூன்று வருட ஒப்பந்தம், முன்பணம் உடனே, வேலை முடிந்ததும் நிலம் திரும்ப நம் கைக்கு. "படைப்புழு வந்ததுலேருந்து மக்காச்சோளத்துல கைக்காசுதான் போவுது. நீ சுரங்கத்துல வேலை பார்த்தவன், என்னடா சொல்ற?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. ஊரில் இன்னும் நாலைந்து வீட்டில் இதே பேச்சு ஓடுவதால் இங்கேயே எழுதுகிறேன்.

ஜிப்சமே எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. சிமென்ட் சட்டென்று இறுகிப் போகாமல் இருக்க நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஜிப்சம் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள். கடலை விதைத்த 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ நாமே வாங்கிப் போடுகிறோம். வேண்டிய பொருள்தான். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: குழி எப்படி மூடப்படும் என்று திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதித் தராத யாருக்கும் நிலத்தைக் கொடுக்காதீர்கள். "அதெல்லாம் மூட முடியாதுங்க" என்று யாராவது சொன்னால், நம் ஊர் மண்ணைப் பொறுத்தவரை அது பொய். எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன்.

ராஜஸ்தானில் பிகானேர் பக்கம் மேல் மணலை விலக்கினால் ஜிப்சம் படுகையாகவே கிடக்கும். நம் ஊரில் அப்படி இல்லை. கடலுக்கு அடியில் படிந்த களிமண் இது. காரையிலும் ஊட்டத்தூரிலும் கிடைக்கிற நத்தைக்கல், தோட்டா மாதிரிக் கல்லெல்லாம் சுமார் பத்து கோடி வருடத்துக்கு முந்தைய கடல் உயிர்கள். 1860-களிலேயே பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் இந்தப் பாறை வரிசைக்கு ஊட்டத்தூர் பெயரை வைத்துவிட்டுப் போனார். அந்தக் களிமண்ணின் வெடிப்புகளில்தான் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. சில இடத்தில் விரல் கனம், சில இடத்தில் உள்ளங்கை அகலம், சில இடத்தில் வெறும் நூல். இது மனதில் நின்றால்தான் இனிமேல் சொல்லப் போகிற கணக்கு புரியும்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் அப்பா அறுபது சென்ட் நிலத்தை ஒருவருக்கு ஜிப்சம் எடுக்கக் கொடுத்தார். பன்னிரண்டு அடி ஆழம் வரை போனார்கள். நரம்பு மெலிந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆளும் இல்லை, கொட்டகையும் இல்லை. குழி இருந்தது. வெட்டிய களிமண் பக்கத்தில் மலையாகக் கிடந்தது. இன்றைக்கும் கிடக்கிறது, சீமைக்கருவேலத்தைத் தவிர அதில் ஒன்றும் முளைக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் குழி நிறையும், ஓரம் ஒரு முழம் சரியும். நாலாவது மழையில் பக்கத்து நிலத்து வரப்பு உள்ளே விழுந்தது. அந்த நிலம் பெரியப்பாவுடையது. அன்றைக்கு நின்ற பேச்சு அப்பாவின் சாவு வரைக்கும் திரும்பவில்லை. பெரியப்பா துக்கத்துக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். இதைப் பொதுவில் எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

அடியில் எவ்வளவு இருக்கிறது என்பதை வருகிறவர் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். நிலத்துக் கிணற்றின் சுவரைப் பாருங்கள், ஓடைக்கரை வெட்டைப் பாருங்கள். டேப்பை மேலிருந்து தொங்கவிட்டு, ஐந்து மீட்டருக்குள் தெரிகிற நரம்பு ஒவ்வொன்றின் கனத்தையும் குறித்துக் கூட்டுங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஜிப்சம் இல்லை, சுண்ணாம்புக்கல் நரம்பும் கலந்து ஓடும். நகத்தால் கீறினால் கோடு விழுவது ஜிப்சம். சந்தேகமாக இருந்தால் எலுமிச்சம் சாறு ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் அது சுண்ணாம்பு. தோசைக்கல்லில் சூடாக்கினாலும் தெரியும். கண்ணாடி மாதிரி இருந்த துண்டு தன்னிடம் உள்ள நீரை விட்டுவிட்டு, பால் வெள்ளையாகிப் பொரிந்து, விரலில் மாவாக உதிரும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர்தான் அதில். சின்ன வயதில் ஆயா எனக்குக் காட்டியது இது.

ஒரு பேச்சுக்கு, ஐந்து மீட்டரில் எல்லா நரம்பும் சேர்ந்து 25 சென்டிமீட்டர் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு ஐந்து. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஐந்து மீட்டர் ஆழத்துக்குப் பெருக்கி, அதில் ஐந்து சதவீதம் எடுத்து, ஜிப்சத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.3 டன் என்று போட்டால் 2,300 டன் வரும். வருகிறவர்கள் இந்த எண்ணைத்தான் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார்கள்.

ஆனால் பக்கத்துப் பட்டா நில எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு ஏக்கர் நல்ல சதுரமாக இருந்தாலும் பக்கம் 63 மீட்டர் சொச்சம்தான். நாலு பக்கமும் 7.5 போனால் மிச்சம் 48 மீட்டர் சொச்சம். வெட்டக் கிடைப்பது 58 சென்ட்! அப்புறம் களிமண்ணைச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டக் கூடாது. 1961-ஆம் வருடச் சுரங்க ஒழுங்குமுறைப்படி 45 பாகைக்கு மிகாமல் சரிவு விட வேண்டும், இல்லையென்றால் ஒன்றரை மீட்டர் உயரம், அதற்குக் குறையாத அகலம் என்று படிப்படியாக இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் ஐந்தாவது மீட்டரில் கால் வைக்க இருப்பது 37 சென்ட். மொத்தமாகப் போட்டுப் பார்த்தால் 2,300 டன் என்றது 1,100 டன்னுக்கு வந்து நிற்கும். பொறுக்கும்போது களிமண்ணோடு போகிற துண்டுகளை நான் கழிக்கவே இல்லை. சித்தப்பாவின் நிலமோ சதுரமில்லை, ஓடைப் பக்கம் வால் மாதிரி ஒடுங்குகிறது. இருபது மீட்டர் அகலமுள்ள இடத்தில் இரண்டு பக்கமும் 7.5 விட்டால் நடுவில் ஐந்து மீட்டர். அதில் என்ன வெட்டுவது?

இங்கேதான் இரண்டு வழி பிரிகிறது. எல்லை விடாமல், படி விடாமல், ஒரே பொக்லைனில் நேராக இறக்கினால் 2,300 டன் கிடைக்கும். வரப்பும் கூடவே போகும். ஒழுங்காக வெட்டினால் 1,100. டன்னுக்கு அவர்கள் சொல்கிற தொகையை 1,100-ஆல் பெருக்குங்கள். அதை மூன்று வருட வெள்ளாமைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த நிலம் ஜிப்சத்துக்கான நிலம் இல்லை, அவ்வளவுதான்.

மூடுகிற கதை இது. ஒழுங்காக வெட்டிய அந்தக் குழியின் கொள்ளளவு சுமார் 9,500 கன மீட்டர். அதில் லாரியில் ஏறிப் போகிற ஜிப்சம் 500 கன மீட்டர் கூட இல்லை. மீதி 9,000 கன மீட்டர் களிமண் நம் நிலத்திலேயே கிடக்கிறது. வெட்டிய மண் கால் பங்காவது உப்பும். தென்னங்குழி வெட்டித் திரும்ப மூடிய எவருக்கும் தெரியும், மேடு தட்டும். கருங்கல் குவாரியில் கல்லே வெளியே போய்விடுவதால் மூட மண் கிடையாது. நம் ஜிப்சத்தில் அந்தச் சாக்குக்கே இடமில்லை. களிமண்ணைத் திரும்பத் தள்ளுவதற்கு ஆகிற டீசல் செலவுதான் அவர்களுக்கு வலிக்கிறது.

அந்தச் செலவையும் குறைக்கலாம். 58 சென்டையும் ஒரே நேரத்தில் திறக்காமல் நாலு பட்டையாகப் பிரியுங்கள். முதல் பட்டையில் வெட்டிய களிமண்ணை நாலாவது பட்டை மேல் குவியுங்கள். இரண்டாவது பட்டையின் மண் நேராக முதல் குழிக்குள், மூன்றாவதின் மண் இரண்டாவதுக்குள். பிறகு நாலாவதின் மேல் இருந்த குவியலை மூன்றாவதில் தள்ளிவிட்டு நாலாவதை வெட்டி, அதன் மண்ணை அதிலேயே போட்டால் வேலை முடிந்தது. எந்த நாளிலும் திறந்து கிடப்பது ஏறக்குறைய ஒரு பட்டை அளவுதான். தை பிறந்ததும் ஆரம்பித்தால் அந்த வருடம் வெட்டிய பட்டையெல்லாம் புரட்டாசிக்குள் மூடியிருக்க வேண்டும், கடைசியானதைக் குவியல் மண்ணை வைத்தாவது. ஐப்பசி மழைக்குக் குழி வாய் திறந்து கிடக்கவே கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் மேல்மண். முதலில் ஒன்றரை அடிக் கரிசலை வழித்துத் தனியாக வைக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது, உள்ளே காற்றுப் போகாமல் செத்துவிடும். அதன் மேல் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துவிட்டால் மழையில் கரையாது, உயிரும் இருக்கும். குழி மூடி, ஒரு மழைக்காலம் இறங்கி அமர விட்டு, பள்ளம் விழுந்த இடத்தை நிரவி, கடைசியாக இந்த மண்ணைப் பரப்ப வேண்டும். களிமண்ணோடு கரிசலைக் கலந்துவிட்டால் எந்த உரம் போட்டாலும் மீளாது. மேல்மண் இல்லாத ஊட்டத்தூர்க் களிமண் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா, காரைப் பள்ளங்களுக்குப் போங்கள். அது இயற்கையாக அரித்த இடம், படம் எடுக்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பிடி சோளம் விளையாது.

"பட்டா நிலம், நம்ம இஷ்டம்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். மலபார் நில வழக்கொன்றில் 2013-ல் உச்ச நீதிமன்றம், நிலத்துக்கு அடியில் உள்ள கனிமமும் நில உரிமையாளருக்கே என்றது உண்மை. அதற்காக அனுமதி இல்லாமல் வெட்டலாம் என்று ஆகிவிடாது. 2015 பிப்ரவரியில் ஜிப்சத்தைச் சிறு கனிமப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், எனவே இப்போது மாநில விதிகள்தான். ஐந்து ஹெக்டேருக்குக் கீழே இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-லேயே தீபக் குமார் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. சுரங்கத் திட்டம் ஒப்புதல் ஆக வேண்டும், கனிமத்தை ஏற்றிப் போக வண்டிக்கு வண்டி நடைச்சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். உரிமம் சித்தப்பா பெயரில் எடுத்தால், அளவுக்கு மேல் வெட்டியதற்கான அபராத நோட்டீஸும் சித்தப்பா பெயருக்குத்தான் வரும். வெட்டினவர் அப்போது எங்கே இருப்பாரோ.

ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏழாவது வரியில் இருக்கிறது: "காலம் முடிந்ததும் நிலத்தை உள்ளது உள்ளபடியே ஒப்படைப்பது." உள்ளது உள்ளபடி என்றால் குழி குழியாகவே வரும் என்று அர்த்தம். அந்த வரியை அடித்துவிட்டு, நான் மேலே சொன்ன நாலு பட்டையையும், மேல்மண்ணையும், மாதங்களையும் எழுதச் சொல்லுங்கள். மூடுகிற செலவுக்கான தொகை இருவர் பெயரிலும் வங்கி வைப்பில் முதலிலேயே போடப்பட வேண்டும். முதல் பட்டை மூடினால்தான் மூன்றாவதைத் திறக்க வேண்டும், இரண்டும் மூன்றும் மூடினால்தான் நாலாவதை. நமக்கு வர வேண்டிய தொகை லோடு கணக்கில் வேண்டாம், எடை மேடைச் சீட்டுப்படி டன் கணக்கில் வாங்குங்கள்.

விலை இன்னும் ஏறும் என்று காத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிமென்ட் ஆலைகளுக்கு நம் நிலத்து ஜிப்சம் மட்டும்தான் வழி என்பதில்லை. ஓமனிலிருந்து கப்பலில் வருகிறது, தூத்துக்குடி உப்பளங்களில் கிடைக்கிறது, உரத் தொழிற்சாலைக் கழிவாகவும் வருகிறது. பாதியில் விலை விழுந்தால் எங்கள் அப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும். வைப்புத் தொகையை முதலிலேயே கேட்கச் சொல்வது இதனால்தான்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையும், லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல். நம் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்கும், காய்ச்சினாலும் உப்புக் குறையாததற்கும் அதுவும் ஒரு காரணம். குழியில் தேங்கிய நீரைப் பம்பு வைத்து ஓடையில் விட்டால் கீழ்ப்பக்கத்துச் சின்ன வெங்காயக்காரர்கள் தலையில்தான் விழும். அதனால் கையெழுத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்து நாலு நிலத்துக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். பெரியப்பாவிடம் அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று நான் நினைக்காத வருடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு சித்தப்பா கிணற்றடியில் இருப்பேன். டேப், எலுமிச்சம்பழம், புல வரைபட நகல் எல்லாம் கொண்டு வருகிறேன். யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம், மேலிருந்தே அளக்கலாம். இதே பேச்சு ஓடுகிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாருங்கள். பெரியப்பா மகனுக்கு நானே போன் பண்ணிவிட்டேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.