மதுரை வெயிலுக்கு ஹஸ்கி வேண்டாமே

வீட்டுக்கேற்ற நாய் எது என்று வந்த ஒரு கட்டுரையில் ஹஸ்கி நாயையும் சேர்த்திருப்பது சரியில்லை. சைபீரியக் குளிருக்கென்றே இரட்டை அடுக்கு ரோமம் கொண்ட இனம் அது. சித்திரை வெயிலில் எங்கள் வில்லாபுரம் தெருவில் ஒரு ஹஸ்கி, மொசைக் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தபடியே கிடக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

தோட்டம், வயல் இருந்தால் நம்ம பக்கத்து நாயினமான சிப்பிப்பாறையை யோசியுங்கள். குட்டை ரோமம், வெயில் தாங்கும். ஆனால் முயல் விரட்டிய வேட்டைநாய், தினமும் ஓடவிடணும். மாடி வீட்டில் கட்டிப்போட்டால் அதுவும் கொடுமைதான். ராஜபாளையம் குட்டி வாங்குவதென்றால் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

அப்புறம், காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் நாய்க்குப் பதில் தெருவில் திரியும் பூனைக்குட்டி ஒன்றை எடுத்து, தடுப்பூசி போட்டு வளர்க்கலாம்.