முதலில் அந்தச் சுத்தியலைக் கீழே போடுங்கள்

என் காரின் ஒரே சக்கரத்துக்கு இரண்டு மாதத்தில் இரண்டு தடவை பேரிங் (சக்கரம் உரசாமல் சுழல, இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் வைத்த பாகம்) மாற்றியாயிற்று. முதல் தடவை மாற்றியது தேய்ந்துபோன பேரிங், அதில் எனக்கு வருத்தமே இல்லை, ஓடிய வண்டியில் தேயத்தான் செய்யும். இரண்டாவது தடவை மாற்றியது புத்தம் புதுசு. டப்பாவைப் பிரித்து, என் கண்ணெதிரிலேயே அடித்துக் கொன்றார்கள்.

ஆரம்பம் வெறும் ஒரு 'ஊம்ம்ம்' சத்தம். நாற்பதைத் தாண்டினால் மெதுவாகக் கிளம்பும், எண்பதில் பாட்டை மீறிக் கேட்கும். "டயர் சத்தம் சார்" என்றார்கள் பட்டறையில். சரி, டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டோம், சத்தம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அப்புறம் அலைன்மென்ட், பேலன்சிங், எல்லாவற்றுக்கும் கூலி. கடைசியில் நானே கவனித்தேன்: இடது பக்கம் வளைத்தால் சத்தம் கூடுகிறது, வலது பக்கம் வளைத்தால் அடங்குகிறது. இடது வளைவில் வண்டியின் பாரம் வலது சக்கரங்களின் மேல் சாய்கிறது, அப்படியானால் கத்துவது வலது பேரிங். இதைச் சொன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு "ஆட்டமே இல்லையே" என்கிறார் அந்த மெக்கானிக். ஐயா, ஆட்டம் கொடுப்பது கடைசிக் கட்டம், அதற்கு எவ்வளவோ முன்பே சத்தம் வந்துவிடும்! காயில் ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் முன் சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன். மணலை அரைப்பதுபோல் கைக்கே தெரிந்தது. அதற்கப்புறம்தான் ஒப்புக்கொண்டார், அதுவும் அரை மனதாக.

இனிதான் வயிற்றெரிச்சல். பட்டறையில் பிரஸ் (பேரிங்கை அடிக்காமல் அழுத்தி இறக்கும் இயந்திரம்) இல்லை. "எதுக்கு சார் பிரஸ், நாங்க எத்தனை வண்டிக்கு அடிச்சிருக்கோம்" என்றார். பழைய பேரிங்கைக் கழற்ற எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள், செத்த பாம்பு. ஹப்பில் (சக்கரம் மாட்டும் பாகம்) இறுகி உட்கார்ந்திருந்த உள் ரேஸை, அதாவது பேரிங்கின் உள் வளையத்தை, கிரைண்டர் வைத்து வெட்டி எடுத்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. (ஹப்பில் லேசாக ஒரு கீறல் விழுந்தது, அதையும் விழுங்கிக்கொண்டேன்.) ஆனால் புது பேரிங்கை நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் கூடு) இறக்கும்போது வெளி ரேஸை மட்டும்தான் அழுத்த வேண்டும். அதன்பின் ஹப்பை உள்ளே தள்ளும்போது பின்னாலிருந்து உள் ரேஸுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இந்த மனிதர் ஒரு பழைய குழாய்த் துண்டை உள் ரேஸ் மேல் வைத்து ஓங்கி ஓங்கி அடிக்கிறார், ஒவ்வொரு அடியும் உள் ரேஸிலிருந்து குண்டுகள் வழியாக வெளி ரேஸுக்குப் போகிறது. குண்டும் ரேஸும் தொடும் இடம் கடுகளவுகூட இருக்காது, அத்தனை அடியும் அங்கேதான் இறங்குகிறது. ரேஸில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும், வண்டி ஓடும்போது குண்டுகள் ஒவ்வொன்றும் அந்தக் குழிகளில் விழுந்து எழும். சத்தம் வராமல் என்ன செய்யும்? "வேண்டாம்" என்றேன். "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார்.

நல்லவேளை, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சாருக்கான காந்த வளையம் இருக்கும் பக்கத்தைத் திருப்பி வைக்கப் போனதை மட்டும் கத்தித் தடுத்தேன். ஆக்ஸில் நட்டுக்கு டார்க் ரெஞ்சா (குறித்த அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் ஸ்பேனர்), அதெல்லாம் கேட்கவே கூடாது. ஏர் கன்னை வைத்து அது நிற்கும்வரை 'டர்ர்ர்'. அந்த நட்டுக்கு என்று கம்பெனி ஓர் அளவு கொடுத்திருக்கிறது, பேரிங் எவ்வளவு இறுகி உட்கார வேண்டும் என்பதே பல வண்டிகளில் அதை வைத்துத்தான். அந்த அளவு அந்தப் பட்டறையில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

அறுநூறு கிலோமீட்டர். அவ்வளவுதான் ஓடியது. மறுபடி அதே 'ஊம்ம்ம்', அதே வலது பக்கம். போய்க் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "நீங்க வாங்கிட்டு வந்த பேரிங் டூப்ளிகேட்டா இருக்கும் சார்." என்னுடைய பேரிங்மேலேயே பழி! கூலியில் ஒரு பைசா திருப்பித் தரவில்லை, மறுபடி மாற்ற மறுபடி முழுக் கூலி என்றார்கள். அடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதை அங்கே நின்ற இரண்டு பேர் கேட்டார்கள், இப்போது ஒருவருக்கும் ஞாபகம் இல்லையாம்.

வீம்புக்காகவே அதே கடையில், அதே பிராண்டு, அதே நம்பர் போட்ட டப்பாவை வாங்கிக்கொண்டு பிரஸ் வைத்திருக்கும் வேறு இடத்துக்குப் போனேன். பேரிங் உள்ளே இறங்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓர் அடி சத்தம் இல்லை. நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினார்கள், அதுவும் நான் சொல்லாமலே. இப்போது நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, எண்பதில் போனாலும் காற்றுச் சத்தம் மட்டும்தான். அந்த 'டூப்ளிகேட்' பேரிங்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.