நாடியை எத்தனை முறை பார்ப்பது?

எனக்குத் தெரிந்த வீடுகளில் பிபி மெஷின் இல்லாத வீடு இப்போது அரிது. கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரும் மேசை இழுப்பறையில் கிடக்கும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய வாட்ச் கையில் இருக்கும். இவற்றை எப்படி இயக்குவது என்று சொல்லித்தர ஆள் உண்டு. ஆனால் எதற்காகப் பார்க்கிறோம், அது காட்டுவதை எவ்வளவு தூரம் நம்புவது, எப்போது மூடி வைப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. எக்டோபிக் எனப்படும் கூடுதல் துடிப்புகளோடு சில ஆண்டுகளாக வாழ்ந்துவருபவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணியிருந்தேன். வீட்டில் இதயத் துடிப்பைப் பார்ப்பது தவறல்ல. ஆனால் டாக்டர் கேட்டுக்கொண்ட ஒரு கேள்விக்கு விடை தேடிப் பார்ப்பது வேறு, மனம் பதைக்கும்போதெல்லாம் நிம்மதிக்காகப் பார்ப்பது வேறு. இரண்டாவது வகை நோயைக் கண்டுபிடிப்பதும் இல்லை, நிம்மதியைத் தருவதும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பிபி மெஷினின் திரையில் எண்களுக்கு அருகே மினுக்கும் அந்தச் சின்ன இதயக் குறி. பலரைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். அந்தக் குறி ஒரு நோயின் பெயர் அல்ல. அளக்கும் நேரத்தில் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி சராசரியிலிருந்து 25 விழுக்காடு கூடியோ குறைந்தோ போனால் அந்தக் குறி வரும் என்று ஓம்ரான் கருவிகளின் கையேடு கூறுகிறது. நடுவில் பேசினாலோ, கையை அசைத்தாலோ, பட்டையைச் சரியாகச் சுற்றாவிட்டாலோகூட வரலாம். முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்து வந்தால் இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்த இடத்தில் உதவாது.

விரலுக்குத் தெரிவது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் துடிப்புகளுக்கு நடுவே ஒன்று முந்திக்கொண்டு வருவதுதான் எக்டோபிக். பாதி நிரம்பிய குடத்தைச் சாய்த்தால் எவ்வளவு தண்ணீர் வருமோ அவ்வளவுதான் அந்தத் துடிப்பில் இரத்தம் வெளியேறும், ஆகவே மணிக்கட்டில் அது தெரியாமலே போகலாம். அடுத்து ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட நிறைய நிரம்புவதால், பின்னால் வரும் துடிப்பு தொண்டைவரை இடித்துக்கொண்டு கேட்கும். ‘நின்று நின்று அடிக்கிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான். ஒன்றுவிட்டு ஒன்று எக்டோபிக் வரும் நேரத்தில், இதயம் நிமிடத்துக்கு 76 முறை சுருங்கிக்கொண்டிருந்தாலும் ஆக்சிமீட்டர் 38 என்று காட்டக்கூடும். அந்த 38-ஐப் பார்த்துவிட்டு நள்ளிரவில் ஆட்டோ பிடித்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

உடல்நலத்துக்கு எந்தக் குறையும் இல்லாதவர்களுக்குக்கூட உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியின் பதிவில் சில எக்டோபிக்குகள் காணப்படுவது வழக்கம். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் உறுப்பில் இது வியப்பும் இல்லை. இதய அமைப்பு நன்றாக இருக்கிறதா என்று எக்கோ ஸ்கேனில் பார்த்து, மொத்தத் துடிப்புகளில் இவை எத்தனை விழுக்காடு என்று ஹோல்டரில் கணக்கிட்டு, அதன் பிறகுதான் டாக்டர்கள் முடிவு சொல்வார்கள். பத்து விழுக்காட்டைத் தாண்டும்போது இதயத் தசை தளர்கிறதா என்று கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். வீட்டில் நாம் எண்ணிக்கொண்டே இருப்பதால் இந்தக் கணக்கு கிடைத்துவிடாது.

எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் ஆபத்தும் குறைந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு எக்டோபிக்குகளை அடக்கும் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ‘காஸ்ட்’ என்ற ஆய்வில், என்கைனைடு, ஃபிளெகைனைடு ஆகிய இரண்டும் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் அவற்றைச் சாப்பிட்டவர்களிடையே சாவு கூடியதால் 1989-இல் அந்தப் பகுதி நிறுத்தப்பட்டது. திரையில் தெரியும் எண் நன்றாக இருப்பதும் ஆள் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் ‘ஒன்றுமில்லை, டென்ஷன்’ என்று ஒதுக்கிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும், நாடியில் எந்த ஒழுங்கும் பிடிபடாது. அங்கே இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. நம் நாட்டில் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு இது இளம் வயதிலேயே வருகிறது. இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தை உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலான பக்கவாதங்களைத் தடுக்கலாம். ஆகவே நாடி முற்றிலும் தாறுமாறாக ஓடினால் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் வாட்ச் உதவுகிறது, ஓர் அளவுக்கு. ஆப்பிள் வாட்சை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். நாடி ஒழுங்கில்லை என்ற எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 விழுக்காட்டினருக்கு. அவர்களில், மார்பில் ஒட்டி ஈசிஜி பதிவதற்காகக் கொடுத்த பட்டையைத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினருக்குத்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவாகியிருந்தது. அது வந்து வந்து போகும் நோய் என்பதால் மீதிப் பேருக்கு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை வந்த உடனே நோய் உறுதி என்றும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி ஈசிஜி பன்னிரண்டு கோணங்களில் பார்ப்பதை வாட்ச் ஒரே கோணத்தில் 30 வினாடி பார்க்கிறது. மாரடைப்பை அதனால் கண்டறிய முடியாது என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.

அதே அமெரிக்காவில், விட்டு விட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்த எழுபது வயதுப் பெண் ஒருவர் ஓராண்டில் வாட்சில் 916 முறை ஈசிஜி எடுத்ததை டாக்டர்கள் 2020-இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எதையோ சரிபார்த்துக்கொள்ளத்தான் அவர் விரலை வைத்திருப்பார். அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு ஈசிஜி அல்ல, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற உளவியல் சிகிச்சை. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். அட்ரினலின் சுரந்தால் துடிப்பு கூடும், எக்டோபிக்கும் கூடும். உடனே மெஷினைத் தேடுவோம், அது காட்டுவதைப் பார்த்துப் பயம் கூடும். நல்ல எண் வந்தாலும் அந்த நிம்மதி காபி ஆறும் நேரம்கூட நிற்பதில்லை. இதற்காக மனநல டாக்டரிடம் போவதை அவமானமாக நினைக்க வேண்டியதே இல்லை. அங்கே போனால் ‘எல்லாம் உன் கற்பனை’ என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். துடிப்பும் உண்மை, பயமும் உண்மை, இரண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் உண்டு.

எனக்கு உண்மையிலேயே உதவியது ஒரு டாக்டர் ஒதுக்கிய சில நிமிடங்கள். அதற்கு முன் வேறோர் இடத்தில் ரிப்போர்ட்டை மூடிக்கொண்டே ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவர் ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே என் விரலை என் மணிக்கட்டில் வைத்து, ‘எப்ப தவறுதோ அப்ப சொல்லுங்க’ என்றார். நான் ‘இப்ப’ என்று சொன்ன இடங்களில் எல்லாம் காகிதத்தில் பேனாவால் சுழித்தார். பிறகு தாளைக் கிழித்து என் முன்னால் விரித்துக் காட்டினார். ஒவ்வொரு சுழிக்கும் கொஞ்சம் முன்னால் அகலமான ஒரு கோடு முந்திக்கொண்டு எழுந்திருந்தது, அதன் பின் ஓர் இடைவெளி, அதன் பின் வழக்கமான துடிப்பு. ‘இதுதான் உங்களுக்குத் தெரியுது, நிக்கலை, முந்துது’ என்றார். சீட்டின் பின்புறம் எப்போது அளப்பது, எத்தனை முறை அளப்பது, எது வந்தால் காத்திருக்காமல் வருவது என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘அம்மா, வாட்ச் கட்டியிருக்கீங்களா? இப்ப எவ்வளவு காட்டுது?’ என்று தினமும் வீடியோ காலில் கேட்பது பாசத்தால்தான். ஆனால் கேட்கிற ஒவ்வொரு முறையும் அம்மா தன் நெஞ்சைக் கவனிக்கத் தொடங்குகிறார். அதற்குப் பதிலாக, ராத்திரி தூக்கம் வந்ததா, மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதா, சளிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேளுங்கள். தூக்கமின்மை, தைராய்டு, இரத்தசோகை, பொட்டாசியம் குறைவு, மது, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவை படபடப்பைக் கூட்டக்கூடியவை. காபியைத்தான் எல்லோரும் முதலில் நிறுத்தச் சொல்கிறார்கள். 2023-இல் நூறு பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் காபி குடித்த நாட்களில் மேலறை எக்டோபிக் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, கீழறை எக்டோபிக் ஓரளவு கூடியது. காபி குடித்தால் கூடுகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் குறைத்துக்கொள்ளலாம். இரவில் இடப்பக்கம் படுத்தால் துடிப்பு உரக்கக் கேட்கும், வலப்பக்கம் திரும்பினால் பலருக்கு அடங்கும்.

மயங்கி விழுந்தாலோ, மார்பு வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தாலோ, ஓய்வாக இருக்கும்போதே துடிப்பு கட்டுக்கடங்காமல் ஓடி நிற்காவிட்டாலோ, முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மெஷினை எடுக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ படபடப்பு கூடினாலும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலும் ஒரு வாரத்துக்குள் இதய டாக்டரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாதவர்கள் அடுத்த முறை போகும்போது, ‘நான் எப்போது அளக்க வேண்டும், எப்போது அளக்கவே கூடாது?’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். எழுதித் தர நேரமில்லை என்று சொன்னால், நீங்களே எழுதி, சரிதானா என்று அவரிடம் காட்டிவிட்டு எழுந்திருங்கள்.