இன்னமும் ஹீரோவைப் பற்றித்தான் கேட்கிறோம்

பழைய இந்திப் பட நடிகைகள் வஹீதா ரஹ்மான், ஆஷா பரேக், ஹெலன் மூவரும் அந்தமானுக்கு விடுமுறைக்குப் போன படங்கள் 2021இல் இணையத்தில் சுற்றியது நினைவிருக்கிறதா? எண்பதை ஒட்டிய வயதில் மூன்று தோழிகள், கடல், சிரிப்பு. எல்லோரும் 'சோ ஸ்வீட்' என்று ஹார்ட்டின் போட்டுவிட்டு நகர்ந்தோம்.

எனக்கு அது வெறும் ஸ்வீட்டாகத் தெரியவில்லை. இந்த மூவரையும் சினிமா ஒரே வரிசையில் உட்கார வைத்ததே இல்லை. 1966இல் வந்த 'தீஸ்ரி மன்சில்' படத்தில் ஆஷா பரேக் கதாநாயகி, ஹெலன் கிளப் டான்ஸர். 1971இல் 'காரவான்', அங்கேயும் அதே கதைதான். ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கொள்ள, இன்னொருத்தி கெட்டுப்போக. ஹெலனோ இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து குடும்பத்தோடு கால்நடையாக அஸ்ஸாம் வந்து சேர்ந்த சிறுமி. வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று குரூப் டான்ஸில் சேர்ந்தவர். 'வேம்ப்', அதாவது ஆண்களை மயக்கிக் கெடுப்பவள் என்று முத்திரை குத்தியது நாம்.

நம்மூர் ரசிகர்களுக்கும் இவர்கள் அந்நியர் இல்லை. வஹீதா செங்கல்பட்டில் பிறந்தவர். இந்திக்குப் போகும் முன் இங்கே ஆடியவர். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் 'சலாம் பாபு' அவர்தான். 'உத்தம புத்திரன்' படத்தில் 'யாரடி நீ மோகினி' பாட்டை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். மெட்டு சட்டென்று மேற்கத்திய தாளத்துக்குத் தாவும்போது வந்து ஒரு ஆட்டம் போடுகிறாரே, ஹெலன்! சிவாஜியின் ஸ்டைலைப் பார்க்கிற மும்முரத்தில் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூத்த நடிகைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் நம் தொகுப்பாளர்கள் என்ன கேட்கிறார்கள்? எம்.ஜி.ஆர். எப்படி, சிவாஜி எப்படி, செட்டில் யார் ஜாலி. அவ்வளவுதான். அந்தம்மா அறுபது வருஷம் செய்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. வஹீதா 'சி.ஐ.டி.' என்ற இந்திப் படத்துக்கு ஒப்பந்தமானபோது பதின்வயதுப் பெண். பெயரை மாற்றச் சொன்னார்கள், முடியாது என்றார். தனக்குப் பிடிக்காத உடையை அணிய மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்க வைத்தார். 1950களில்! கேட்டால் இப்படி எத்தனை கிடைக்கும்?

சௌகார் ஜானகியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு சினிமாவுக்கு வந்தவர். 'புதிய பறவை'யில் அவரும் சரோஜாதேவியும் நேருக்கு நேர். 'பார்த்த ஞாபகம் இல்லையோ' பாட்டில் அத்தனை ஒயிலாக நின்றவர், அதுவரை அழுகைப் பாத்திரங்களுக்கே பேர் போனவர். அந்தப் படப்பிடிப்பில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள், யார் யாருக்குப் பயந்தார்கள், மேக்கப் அறையில் மதியச் சாப்பாடு யார் வீட்டிலிருந்து வந்தது? இதை இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து விடிய விடியக் கேட்டிருக்க வேண்டும். 2025 ஜூலையில் சரோஜாதேவி போய்விட்டார். அன்றைக்கும் சேனல்களில் ஓடியதெல்லாம் எம்.ஜி.ஆரோடு டூயட்தான்.

காஞ்சனா, சச்சு, வெண்ணிற ஆடை நிர்மலா என்று நீளும் பட்டியல் கையில் இருக்கிறது. யூடியூப் சேனல் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு இரண்டு பேராகக் கூப்பிடுங்கள். ஒரு காபி கொடுத்துவிட்டு, ஹீரோ பேரை மட்டும் எடுக்காமல் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.