எட்டு மணின்னு போட்டா எட்டு மணிதானுங்க

ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல நடந்த இனிப்பு ஓட்டத்தைப் பத்தி ரெண்டு நாளா ஆளாளுக்கு எழுதறீங்க, வீடியோவும் பாத்திருப்பீங்க. அந்த வீடியோவுல ஊதாச் சேலையும் வெள்ளை ஷூவுமா நிக்கறது எங்க பக்கத்து ஊட்டு அக்கா. தண்ணி பாட்டிலோட பக்கத்துல நிக்கறது நானு. அதனால நானும் பேசறனுங்க.

நோட்டீஸ்ல என்ன போட்டிருந்துச்சு? 5 கிலோமீட்டர், ஓடலாம் நடக்கலாம், காத்தால 6 மணிக்கு ஆரம்பம், 8 மணி வரைக்கும் டைம், வழியில மூணு எடத்துல இனிப்பு, முடிக்கற எடத்துல கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை போட்டுச் சுடச்சுட ஒப்புட்டு, அதாங்க போளி. ஆளுக்கு 500 ரூவா கட்டியிருக்கறம். நாங்க முடிச்சது 7.20. இன்னும் 40 நிமிசம் இருக்குது. போய்ப் பாத்தா அடுப்பை அணைச்சு கல்லை எறக்கி வெச்சாச்சு, டேபிள் மேல நெய் ஒட்டுன வாழையெலத் துண்டுக மட்டும் கெடக்குது. 'ஏந்தம்பி, தீந்துருச்சா?'ன்னு அக்கா கேட்டதுக்கு அந்தப் பையன், 'ஓடறவங்களுக்குதான் ஆன்ட்டி கணக்குப் பண்ணினோம், நீங்க நடந்துதானே வந்தீங்க'ங்கறான். பின்னால இருந்து ஒருத்தர், 'திங்கறதுக்குன்னே வந்துருக்காங்க'ன்னு சொல்றது வீடியோவுல தெளிவாக் கேக்குது. அதுக்குக் கீழதான் அத்தனை பேரு சிரிச்சு வெச்சிருக்கறீங்க.

திங்கறதுக்குன்னே வந்தமா? அக்காவுக்கு 62 வயசு. முழங்கால் வலி, போன சித்திரையில டாக்டர் நடந்தே ஆகோணும்னுட்டாரு. மொதல் நாள் சிங்காநல்லூர் கொளத்துக் கரையில கால்வாசி தூரம் போறதுக்குள்ள உக்காந்துட்டாங்க. அப்பறம் தெனமும் நானும் அவங்களும் ஒட்டுக்கா நடந்து நடந்து, ஒரு மாசத்துல ரெண்டு கிலோமீட்டர், அப்பறம் மூணு, இந்த ஓட்டத்துக்குப் பேரு குடுத்த அன்னைக்கு ஒப்பணக்கார வீதிக்குப் போயி வாழ்க்கையிலயே மொத மொதலா ஷூ வாங்கினாங்க. சுடிதார் போடுங்கக்கான்னேன், கூச்சமா இருக்குது கண்ணுன்னு சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வந்தாங்க. ரேஸ்கோர்ஸ் ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டர், ரெண்டு சுத்து வரோணும். ரெண்டாவது சுத்துல பாதியில ஒரு மரத்தைப் புடிச்சு நின்னாங்க, போதும்க்கா ஆட்டோ புடிக்கலாம்னு நான் சொன்னதுக்கு, 'முடிச்சுட்டு ஒரு ஒப்புட்டு திம்போம் வா'ன்னாங்க. சொன்னது அவ்வளவுதான். அந்த ஒப்புட்டு இல்லீன்னு சொன்னதைக்கூட அவங்க தாங்கிக்கிட்டாங்க. நடந்துதானே வந்தீங்கன்னு சொன்னதைத்தான் தாங்கிக்க முடியல.

எட்டு மணி வரைக்கும் டைம் குடுத்துட்டு ஏழு மணிக்குக் கடையக் கட்டறது தப்பு. எதிர்பாத்ததைவிடக் கூட்டம் எச்சாயிருச்சுன்னு குரூப்புல விளக்கம் போட்டிருக்காங்க. மூணு வாரம் முன்னாலயே எல்லாரும் பேரு குடுத்துப் பணம் கட்டி நம்பர் வாங்கியாச்சு, அதுக்கப்பறம் எங்கிருந்துங்க வந்துச்சு எதிர்பாக்காத கூட்டம்? மொதல்ல வந்தவங்க மூணு நாலுன்னு எடுத்தப்ப ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்ல ஒரு ஆளு போட்டிருக்கோணும்.

லண்டன்ல புஷி பார்க்ல 2004ல 13 பேரோட ஆரம்பிச்சதுதான் பார்க்ரன். இன்னைக்குப் பல நாட்டுல சனிக்கெழமைன்னா அந்த 5 கிலோமீட்டரு நடக்குது. அதுல டெயில் வாக்கர்னு ஒரு வாலண்டியர் கடைசி ஆளோட கூடவே வருவாரு, அவரு வர்ற வரைக்கும் முடிக்கற எடத்தை மூட மாட்டாங்க. அட, அத்தனை தூரம் எதுக்குங்க? தைப்பூசத்துக்கு நம்மூர்ல இருந்து பழனிக்கு எத்தனை ஆயிரம் பேரு நடக்கறாங்க. வழி நெடுக பந்தல் போட்டு மோரு குடுக்கறாங்க, சோறு போடறாங்க. காலு கொப்புளிச்சு ராத்திரி பதினொரு மணிக்கு வந்து சேர்றவங்களையும் வாங்க சாமின்னுதான் கூப்புடறாங்க. நீ மெதுவா வந்தே, உனக்குக் கெடையாதுன்னு சொன்ன பந்தலை நான் பாத்ததே இல்லீங்க. இத்தனைக்கும் அங்க யாரும் 500 ரூவா கட்டறதில்ல.

ஒரு ஒப்புட்டுக்கு இத்தனை பெரிய பதிவான்னு கேப்பீங்க. ஆமாங்க, ஒரு ஒப்புட்டுக்குத்தான். வேகமா ஓடியிருந்தா கெடச்சிருக்குமேன்னு ஒரு தம்பி எழுதியிருக்காரு, 62 வயசுல முழங்கால் வலியோட நீங்களும் ஓடிப் பாருங்க தம்பி, வேற பதில் எங்கிட்ட இல்ல. வாலண்டியர் பசங்க காத்தால நாலு மணியிலிருந்து நின்னாங்கன்னு சொல்றது நெசந்தான், அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல, அவனுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்களோ அதைச் சொன்னான். சொல்லிக் குடுத்தவங்க யாருன்னுதான் கேக்கறேன்.

சக்கரை இருக்கறவங்க எதுக்கு இனிப்பு ஓட்டத்துக்கு வர்றாங்கன்னு ஒருத்தர். அக்காவுக்கு சக்கரை இல்லீங்க, எனக்குத்தான் இருக்குது, ஆறு வருசமா மாத்திரை போடறேன். வழியில குடுத்த கடலை முட்டாயையும் தேங்கா பர்பியையும் நான் தொடவே இல்ல, கடைசியில அரை ஒப்புட்டு திங்கலாம்னு ஒதுக்கி வெச்சிருந்தேன். என் ஒடம்பு, என் மாத்திரை, என் அரை ஒப்புட்டு. நீங்க யாருங்க கணக்குப் பாக்க?

எங்கம்மா நோம்பின்னா காத்தாலயே கடலப்பருப்பை வேக வெச்சு ஆட்டி, சக்கரையும் தேங்காயும் ஏலக்காயும் சேத்து உருட்டி, மத்தியானம் வரைக்கும் கல்லு முன்னாடிதான் நிப்பாங்க. ஒறம்பரைக்கு, அப்பாவுக்கு, எங்களுக்கு, பண்ணையத்துக்கு வந்தவங்களுக்குன்னு வாழையெலையில தட்டித் தட்டிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. கடைசியில மாவு தீந்துரும். போசியில ஒட்டுன பூரணத்தை வழிச்சு உள்ளங்கையில வெச்சுத் தின்னுட்டு, போதும் கண்ணு வயிறு நெறஞ்சிருச்சும்பாங்க. அவங்க முழுசா ஒரு ஒப்புட்டு தின்னு நான் பாத்த ஞாபகமே இல்ல. அக்காவும் அப்படி நாப்பது வருசம் மத்தவங்களுக்குச் சுட்டுப் போட்டவங்கதான். கல்யாணத்துலயும் கடைசிப் பந்தி, ஊட்லயும் கடைசிப் பந்தி. காசு கட்டி நம்பர் குத்திக்கிட்டு அஞ்சு கிலோமீட்டர் நடந்து வந்தும் கடைசிப் பந்தியா? ஊட்லயே சுட்டுத் திங்கலாமேன்னு எழுதுனீங்களே, அதைப் படிச்சப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சு. ஊட்ல சுட்டா அதையும் அவங்கதானுங்க சுடோணும்.

நேத்துப் பொழுதோட அவங்க ஊட்டுக்குப் போனேன். ஷூவை அட்டைப் பொட்டிக்குள்ள வெச்சு, பேத்திக்கு வேணா ஆகுமான்னு கேட்டாங்க. ஆகாதுக்கா, அவளுக்குப் பெருசுன்னு சொல்லி வெளிய எடுத்து வெச்சுட்டு வந்திருக்கேன். நாளைக்குக் காத்தால அஞ்சரைக்குக் கொளத்துக் கரைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

அடுத்த வருசமும் நாங்க வருவம். நடந்துதான் வருவம். நோட்டீஸ்ல எட்டு மணின்னு போட்டா எட்டு மணி வரைக்கும் கல்லு அடுப்பு மேல இருக்கோணும்.